நெல் வேடம் போட்ட புல்

சம்பா நட்ட வயலில் களை பறிக்கும் பெண்களைக் கொஞ்ச நேரம் பாருங்கள். கோரையைப் பேசிக்கொண்டே பிடுங்குவார்கள். குதிரைவாலிப் புல்லிடம் வந்ததும் கை நின்றுவிடும். பார்வைக்கு அது அச்சு அசல் நெற்பயிர். இலையும் தண்டும் சேரும் மூட்டைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்: நெல்லுக்கு அங்கே மெல்லிய சவ்வு நீட்டிக்கொண்டிருக்கும், புல்லுக்கு இருக்காது.

முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட்டும் இப்படி ஒரு வேடதாரிதான். அது போட்டிருப்பது ஃபோலிக் அமிலத்தின் வேடம். கீரையில் இருக்கும் பி வைட்டமின் அது. பெயரே ‘இலை’ என்னும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இரண்டு மூலக்கூறுகளுக்கும் இரண்டே இடத்தில்தான் வேறுபாடு. புதுச் செல் உண்டாக ஃபோலிக் அமிலம் வேண்டும். அதைப் பக்குவப்படுத்தும் நொதி, அதாவது வேதிவினையை முடுக்கிவிடும் புரதம், ஏமாந்துபோய் மருந்தைப் பற்றிக்கொள்கிறது. பிறகு எளிதில் விடுவதில்லை.

இந்த வேடத்தின் கதையில் நம் பக்கத்து ஆள் ஒருவர் உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். ஸ்ப்ரூ என்ற குடல்நோய்க்குச் சகோதரரைப் பறிகொடுத்தவர். அந்த நோய்க்கு உதவும் ஃபோலிக் அமிலத்தை, 1940-களில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் அவர் குழுவே செயற்கையாகத் தயாரித்தது. அதன் போலிகளும் அங்கேதான் பிறந்தன. முதல் வேலை குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் அமெரிக்காவில் முறையான அனுமதி பெற்றது 1988-ல்.

“புற்றுநோய் மருந்தா?” என்று பதறத் தேவையில்லை. முடக்குவாதம் தன்னெதிர்ப்பு நோய்; வேலியே பயிரை மேய்கிற கதை. வேலியை அடக்கச் சிறு அளவு போதும். வாரத்துக்கு 15 மில்லிகிராம் என்றால், ஒரு 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரையில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை.

வாரம் ஒரு நாள் எப்படிப் போதும்? ரத்தத்தில் இருப்பதில் பெரும்பகுதி ஒரே நாளில் சிறுநீரோடு போய்விடுகிறது. ஆனால் செல்லுக்குள் புகுந்த மருந்துக்குச் செல்லே வால் மேல் வாலாக ஒட்டிவிடுகிறது. குதிருக்குள் ஒல்லியாக நுழைந்து, நெல் தின்று கொழுத்த எலி மாதிரி, வந்த ஓட்டை வழியே அது திரும்ப முடியாது. அங்கேயே தங்கி, அடினோசின் என்னும் வீக்கம் தணிக்கும் பொருளைப் பெருக்குகிறது.

எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இனிமேல்தான். மூட்டு வீக்கம் தணிவது பெரும்பாலும் இந்த அடினோசின் வழியில். வாய்ப்புண், குமட்டல் போன்ற தொல்லைகளில் பலவும் ஃபோலிக் அமிலம் குறைவதால் வருபவை. ஆகவே வேறொரு நாளில் ஃபோலிக் அமில மாத்திரை தருகிறார்கள். நன்மை பெரிதாகக் குறையாமல் குமட்டலும் கல்லீரல் பாதிப்பும் குறைகின்றன. எதைக் காட்டி ஏமாற்றியதோ, அதையே கொடுத்துச் சரிக்கட்டுகிறார்கள்!

ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். எலும்பு மஜ்ஜையும் கல்லீரலும் சிரமப்படுவது உடம்புக்குத் தெரியுமுன் அதில் தெரியும். வறட்டு இருமலும் மூச்சுத்திணறலும் வந்தால் காத்திருக்கக் கூடாது. கருத்தரிக்க எண்ணுபவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லவேண்டும். வேறு நோய்க்குக் கோ-ட்ரைமாக்சசோல் எழுதினால், மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுவதைச் சொல்லுங்கள். அதுவும் இதே ஃபோலிக் அமிலப் பாதையை அடைப்பது.

மாத்திரை அட்டையின் மேல் கிழமையைப் பேனாவால் பெரிதாக எழுதிவையுங்கள். வார மாத்திரையைத் தினமும் விழுங்கி உயிரிழந்தவர்கள் உண்டு. தவறிப்போய் அடுத்தடுத்த நாள் சாப்பிட்டுவிட்டால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஃபோலினிக் அமிலம் என்ற மாற்றுமருந்து அங்கே இருக்கிறது.