பனையோலை விளையாட்டுப் பொருள்களும் நினைவும்: பழவேற்காட்டை முன்வைத்து

பழவேற்காடு ஏரிக்கரையில் பனையோலை முடைதல் பெண்களின், குறிப்பாக இசுலாமியப் பெண்களின், கைத்தொழிலாக விளங்குகிறது. குருத்தோலையை உலர்த்தி, வகிர்ந்து, சாயமேற்றிப் பெட்டி, கூடை முதலியவற்றை முடைகின்றனர். இத்தகைய கைத்திறனுக்கும் குழந்தைப்பருவ நினைவுக்கும் உள்ள தொடர்பை இக்கட்டுரை விளக்குகிறது.

பனைசார் விளையாட்டுப் பொருள்கள் தமிழகத்தில் பரவலாக வழங்குபவை. சிறுகற்களை உள்ளே இட்டு ஓலையை முடைந்தால் கிலுகிலுப்பை. ஓலைத் துண்டுகளைக் குறுக்காக வைத்து முள்ளில் கோத்தால் காற்றாடி. நுங்கு எடுத்த பனங்காய்கள் இரண்டைக் குச்சியால் இணைத்தால் வண்டி. பெட்டி முடையும் விரற்பயிற்சியே கிலுகிலுப்பை முடையவும் உதவுகிறது.

தச்சன் செய்த சிறுதேரைக் குறுந்தொகையின் 61ஆம் பாடல் காட்டுகிறது. சுடுமண் பொம்மைகள் அகழாய்வுகளில் கிடைக்கின்றன. ஓலைக் காற்றாடியோ சில நாள்களிலேயே காய்ந்து முறிந்துவிடும். பேழையில் வைத்துப் பேணத்தக்க நினைவுப்பொருள் அன்று அது. முறிந்ததும் பெரியவர் ஒருவர் வேறொன்று செய்து தருவதாலேயே தொடர்கிறது. எனவே அதன் நினைவு செய்பவரின் கையில் தங்கியுள்ளது எனலாம்.

இதனால் அருங்காட்சியகச் சேகரிப்பு மட்டும் இவ்வகைப் பொருள்களைக் காக்கப் போதாது. மடிப்புமுறை, அதற்குரிய வழக்குச்சொற்கள், கற்பிக்கும் உறவுமுறை ஆகியவற்றை முடைவோர் உள்ளபோதே களத்தில் பதிவுசெய்தல் இன்றியமையாதது.