நகர எல்லையும் தலா வீதமும்: ஹெந்தளை தரும் படிப்பினை

தலா வீதமென்பது நிகழ்ச்சிகளின் தொகையை மக்கள் தொகையால் வகுத்துப் பெறுவது. இரண்டும் ஒரே எல்லைக்குள் எண்ணப்படாவிடின் அவ்வீதம் எம்மைத் தவறான வழியிற் செலுத்தும்.

கொழும்பு மாநகரின் வட எல்லை களனி கங்கை. அக்கரையிலுள்ள ஹெந்தளை, 1978இல் கொழும்பு மாவட்டத்தினின்று பிரிக்கப்பட்ட கம்பஹா மாவட்டத்தைச் சார்ந்தது. ஆயினும் தொழிலுக்கும் மருத்துவத்துக்கும் அதன் மக்கள் கொழும்பையே நாடுகின்றனர்.

இலங்கையிற் பிறப்பு, நிகழ்ந்த இடத்திலேயே பதியப்படுகின்றது. ஹெந்தளைத் தாயொருத்தி கொழும்பு மருத்துவமனையில் மகவீன்றால் பிறப்பு மாநகரக் கணக்கிலும், தாய் குடிசன மதிப்பில் ஹெந்தளைக் கணக்கிலும் இடம்பெறுவர். 10,000 மக்கள் வாழும் ஊரொன்றின் 160 பிறப்புகளுள் 120 ஆற்றுக்கப்பால் பதியப்படுவதாகக் கொள்வோம். ஆயிரத்துக்கு 16 ஆகவேண்டிய வீதம் 4 ஆகிவிடும். அதனை நம்பித் தாய்சேய் நலச் சேவைகளைப் பங்கிட்டால், தேவையுள்ள ஊர் வஞ்சிக்கப்படும்.

இதன் மறுதலையும் ஹெந்தளையிலேயே உண்டு. 1708இல் ஒல்லாந்தர் அங்கு நிறுவிய தொழுநோய் மருத்துவமனைக்குப் பிறவூர் நோயாளரும் அனுப்பப்பட்டனர். அவர்களையும் சேர்த்து ஊர்மக்கள் தொகையால் வகுத்தால், ஊரே நோயின் உறைவிடமெனப் பழி சுமக்கும்.

ஆதலின், வீதங்களை ஒப்பிடுமுன், யார் எந்த எல்லைக்குள் எண்ணப்பட்டனர் என வினவுதல் எம் கடன். நிகழ்ந்த இடத்தையன்றி வதியும் இடத்தை அடிப்படையாகக் கொள்ளும் கணக்கே மக்களின் தேவையைக் காட்டும்.