பதினெட்டு மீட்டர் வரை

கருவி வழியே காற்றைச் சுவாசித்தபடி நீருக்கடியில் இறங்கும் ஸ்கூபா முழுக்கில் உலகெங்கும் ஏற்கப்படும் தொடக்கத் தகுதி ‘ஓபன் வாட்டர் டைவர்’ சான்றிதழ். அதைப் பெற்றவர், தம்மைப் போலவே தகுதி பெற்ற ஒரு துணையோடு, பயிற்றுநர் இல்லாமலேயே 18 மீட்டர் ஆழம் வரை இறங்கலாம். இதை எந்த அரசும் வழங்குவதில்லை. 1966-இல் அமெரிக்காவில் தொடங்கிய பி.ஏ.டி.ஐ., 1970-இல் தொடங்கிய எஸ்.எஸ்.ஐ. போன்ற பயிற்சி அமைப்புகள் வழங்குகின்றன. ஓர் அமைப்பின் சான்றிதழ் அட்டையை மற்றதன் மையங்களும் பொதுவாக ஏற்றுக்கொள்ளும். அந்தமானின் ஹேவ்லாக் தீவில் பயின்று வாங்கிய அட்டை திருகோணமலையிலும் செல்லும், எகிப்தின் செங்கடலிலும் செல்லும்.

கடற்கரைச் சுற்றுலாத் தலங்களில் அரை நாளில் முடிந்துவிடும் ‘ஸ்கூபா அனுபவம்’ இதுவல்ல. அதில் பயிற்றுநர் பக்கத்திலேயே இருந்து அழைத்துச் சென்று, 12 மீட்டருக்கு மேல் போகாமல் திரும்பக் கொண்டுவருவார். கடலை எட்டிப் பார்க்க அது போதும். ஆனால் அதில் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் பயிற்சிக்கு மூன்று, நான்கு நாள் பிடிக்கும்.

பத்து வயது நிரம்பியவர்கள் சேரலாம். பதினைந்துக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டுப்பாடுகளோடு ‘ஜூனியர்’ அட்டை கிடைக்கும். நீச்சல் வீரராக இருக்க வேண்டியதில்லை. 200 மீட்டர் தூரத்தை எந்த முறையிலாவது நிற்காமல் நீந்திக் கடக்க வேண்டும், அதற்கு நேரக்கெடு இல்லை. பிறகு பத்து நிமிடம் மிதக்க வேண்டும். உண்மையில் கவனிக்க வேண்டியது மருத்துவப் படிவத்தைத்தான். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், நுரையீரல் அல்லது காது அறுவை சிகிச்சை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது. கர்ப்பிணிகள் முழுக்கையே தவிர்க்க வேண்டும். பயணச் செலவு வீணாகிவிடுமே என்று படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதுகிறவர் ஏமாற்றுவது தம் உடம்பைத்தான்.

மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் எடுத்தவர்கள் தலைமுறை தலைமுறையாக மூச்சை அடக்கித்தான் மூழ்கினார்கள். ஸ்கூபாவின் தலையாய விதி அதற்கு நேர் எதிரானது: நீருக்கடியில் ஒருபோதும் மூச்சை அடக்கக் கூடாது. கடல் மட்டத்தில் நம்மீது ஒரு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் இன்னொன்று கூடும். நுரையீரலில் 6 லிட்டர் காற்றோடு மூச்சடக்கி இறங்குபவருக்கு அது 10 மீட்டரில் 3 லிட்டராகச் சுருங்கும். மேலே வந்ததும் பழையபடி 6 லிட்டராகிவிடும். அதனால் தீங்கில்லை. ஸ்கூபாவில் நிலைமை வேறு. 1943-இல் பிரான்சில் ஜாக் கூஸ்டோவும் எமில் கான்யாவும் உருவாக்கிய ‘அக்வா-லங்’ கருவியின் வழிவந்த ரெகுலேட்டர், எந்த ஆழத்தில் இருக்கிறோமோ அந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே காற்றைத் தருகிறது. ஆகவே 10 மீட்டரிலும் நுரையீரல் 6 லிட்டருக்கு நிரம்பியிருக்கும். அந்த நிலையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால் காற்று 12 லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரலால் அவ்வளவு விரிய முடியாது. திசு கிழிந்து காற்றுக் குமிழ்கள் இரத்தத்தில் கலந்துவிடும். ஆழம் குறைந்த இடத்தில்தான் இந்த விரிவு வேகமாக நடக்கிறது என்பதால், நீச்சல் குளத்தில்கூட இந்த ஆபத்து உண்டு. பயிற்சியில் வரும் ஏனைய விதிகளில் பல இந்த ஒன்றைக் காப்பாற்றத்தான் இருக்கின்றன.

முதல் பாடங்கள் குளத்திலோ அலையில்லாத ஆழமற்ற கரையோரத்திலோ நடக்கும். அதிகம் பேர் தடுமாறுவது மாஸ்க்கில் புகுந்த நீரை வெளியேற்றும் பயிற்சியில். மாஸ்க்கின் விளிம்பைச் சற்றே தூக்கி வேண்டுமென்றே நீரை உள்ளே விட வேண்டும். மூக்கில் நீர் பட்ட உடனே உடம்பு மூச்சை நிறுத்தச் சொல்லும், அல்லது மேலே பாயச் சொல்லும். இரண்டுக்கும் இணங்காமல், வாயால் காற்றை இழுத்து, மாஸ்க்கின் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, முகத்தை லேசாக நிமிர்த்தி, மூக்கால் மெதுவாக ஊத வேண்டும். காற்று மேலே சேரச் சேர நீர் கீழ் விளிம்பு வழியாக வெளியேறிவிடும். இதைச் செய்ய சில நொடிகள் போதும். ஆனால் அந்தச் சில நொடிகளைப் பதறாமல் கடக்கப் பழகுவதுதான் இந்தப் பயிற்சியின் சாரம். முதல் நாளே வரவில்லை என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. திரும்பச் செய்ய நேரம் கேட்கலாம், கேட்க வேண்டும்.

வாயிலிருந்து நழுவிய ரெகுலேட்டரை வலக் கையை வீசித் தேடிப் பிடிப்பதும், காற்று தீர்ந்தால் துணையின் உபரி ரெகுலேட்டரை வாங்கிச் சுவாசிப்பதும் அடுத்து வரும். வாயில் ரெகுலேட்டர் இல்லாத நேரத்தில் சிறு குமிழ்களாகக் காற்றை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நீருக்கடியில் பேச்சு கைச்சைகைதான். கட்டைவிரலை உயர்த்தினால் ‘மேலே போவோம்’ என்று பொருள். ‘நலம்’ என்று சொல்லக் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்க்க வேண்டும். காதடைப்பைப் போக்க மூக்கைப் பிடித்து மெல்ல ஊத வேண்டும். வலி வந்த பிறகு அல்ல, இறங்கத் தொடங்கியதுமே, அடிக்கடி. சளி பிடித்திருந்தால் இது நடக்காது; அன்று இறங்காமல் இருப்பதே சரி.

வகுப்புப் பாடத்தில் முக்கியமானது நைட்ரஜன். அழுத்தத்தில் சுவாசிக்கும்போது அது உடல் திசுக்களில் கரைகிறது. வேகமாக மேலே வந்தால் சோடா புட்டியைத் திறந்ததுபோல் குமிழ்களாகப் பொங்கி, மூட்டு வலி முதல் பக்கவாதம் வரை உண்டாக்கும். கடற்தொழிலில் கம்ப்ரசர் குழாய் வழியே காற்றிழுத்து மூழ்குபவர்களுக்கும் இதே ஆபத்துதான். எனவே எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் என்பதை டைவ் கம்ப்யூட்டர் கணக்கிட்டுச் சொல்லும். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்துக்குள் மேலே வந்து, 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்பது வழக்கம். பி.ஏ.டி.ஐ. பயிற்சியில் இந்தப் பாடங்களுக்கு எழுத்துத் தேர்வும் உண்டு. தேற 75 சதவீதம் வேண்டும்.

கடைசியாகக் கடலில் நான்கு முழுக்குகள். முதல் இரண்டு 12 மீட்டருக்குள். பிறகு 18 வரை. குளத்தில் கற்றவற்றை இங்கே மீண்டும் செய்து காட்ட வேண்டும். மூழ்காமலும் மிதக்காமலும் நடுநீரில் அசையாமல் நிற்பது இதில் கடினமானது. மூச்சை இழுத்தால் உடல் சற்று உயரும், விட்டால் தாழும். இது கைவராதவரின் கால்துடுப்பு ஒரே உதையில் பல ஆண்டு வளர்ந்த பவளத்தை உடைத்துவிடும்.

மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர் என்று முதலில் கேட்க வேண்டும். பி.ஏ.டி.ஐ. விதி கடலில் அதிகபட்சம் எட்டுப் பேரை அனுமதிக்கிறது. நான்கு பேருக்குள் இருந்தால் நல்லது. காலமும் பார்க்க வேண்டும். இலங்கையின் கிழக்குக் கரை மே முதல் செப்டம்பர் வரை அமைதியாக இருக்கும். அந்தமானுக்கு மழைக்காலம் ஓய்ந்த பிறகு செல்வது நல்லது.

அட்டை கிடைத்த பிறகும் எல்லைகள் உண்டு. குகைக்குள்ளோ கப்பல் சிதைவின் உள்ளேயோ நுழைய இது போதாது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் போர்க்கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்கு முழுக்கின் உச்ச எல்லையே 40 மீட்டர்தான். அட்டைக்குக் காலாவதி கிடையாது. ஆனாலும் நீண்ட இடைவெளி விட்டவர் பயிற்றுநருடன் ஒரு மீள்பயிற்சி செய்த பிறகே இறங்க வேண்டும். விமானப் பயணத்துக்கு முன், ஒரே ஒரு முழுக்கு என்றால் குறைந்தது 12 மணி நேரமும், பல முழுக்குகள் என்றால் 18 மணி நேரமும் இடைவெளி தேவை. அந்தமானிலிருந்து விமானத்தில் திரும்புவோர் கடைசி நாளில் முழுக்கு வைத்துக்கொள்ளக் கூடாது.