வானில் முளைத்த தட்டைப்பயறு

கம்பம் பள்ளத்தாக்கில் தட்டைப்பயற்றை அறியாதவர் ஒருவரும் இரார். முல்லைப் பெரியாற்று நீரில் நெல்லும் திராட்சையும் விளைவிக்கும் அங்கத்தினர்க்கும், ஆண்டிபட்டிப் பக்கத்து மானாவாரி நிலத்தை நம்பியிருப்பவர்க்கும், தறியை விட்டு எழுந்து பயற்றுக் குழம்போடு பகலுணவு கொள்ளும் நெசவாளர்க்கும் அது பழகிய பொருளே. அந்தப் பயறு 2025-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், பூமிக்கு மேலே சுமார் 350 கிலோமீட்டர் உயரத்தில் முளைவிட்டது என்ற செய்தியை நம்மில் பலர் படித்திருப்போம். "மழையில்லாமல் நம் காட்டிலேயே முளைக்காத பயற்றை ஆகாயத்தில் முளைக்க வைத்து என்ன பயன்?" என்ற கேள்வியும் எழக்கூடும். அது நியாயமான கேள்வியே. விடை காணுமுன் நடந்தது என்னவென்று முறையாக அறிந்துகொள்வோம்.

2024-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி இரவு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-60 என்னும் ராக்கெட் புறப்பட்டது. வானில் ஒன்றோடொன்று இணையவேண்டிய இரு சிறு செயற்கைக் கோள்களைக் கொண்டு செல்வதே அதன் முதற் பணி. இவ்வகை ராக்கெட்டில் நான்கு அடுக்குகள் உண்டு. முதல் மூன்றும் தத்தம் வேலை முடிந்ததும் கழன்று விழுந்துவிடும். நான்காவது அடுக்கோ கோள்களை உரிய இடத்தில் விட்டபின், தானும் பூமியைச் சுற்றிக்கொண்டே இருக்கும். சரக்கை இறக்கியபின் வண்டியைச் சாலை நடுவிலே கைவிட்டுச் செல்வதற்கு இது ஒப்பாகும். அவ்வாறு கைவிடப்பட்டவை பின்வரும் கோள்களின் மீது மோதும் அபாயமும் உண்டு.

இந்த வெற்று வண்டியைப் பயன்படுத்தினால் என்ன என்று நமது விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தார் எண்ணினர். 2019-ஆம் ஆண்டு ஜனவரியில், சென்னை ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பின் மாணவர்கள் செய்த, ஒன்றேகால் கிலோ எடையுள்ள 'கலாம்சாட்' என்னும் சிறு கோள் முதன்முதலாக அந்நான்காம் அடுக்கையே மேடையாகக் கொண்டு இயங்கியது. பின்னர் அடுக்கைச் சுற்றிலும் சூரிய ஒளியால் மின்சாரம் உண்டாக்கும் தகடுகளையும், மின்கலத்தையும், புரளாமல் நிலைநிறுத்தும் அமைப்பையும் பொருத்தினர். 2022 ஜூன் முதல் இம்மேடை 'போயம்' என்ற பெயரால் வழங்குகிறது. மனிதர் வசிக்கும் விண்வெளி நிலையம் அன்று இது. எனினும் சிறு பரிசோதனைகளுக்கு நிலையம் செய்யும் உதவியில் ஒரு பகுதியை இதுவும் செய்கிறது.

நாம் கூறும் பயணத்தில் இம்மேடை 24 பரிசோதனைகளைச் சுமந்தது. அவற்றுள் 14 அரசாங்க விண்வெளித் துறையைச் சார்ந்தவை. 10 கல்லூரிகளும் சிறு நிறுவனங்களும் அனுப்பியவை. அவற்றில் ஒன்றே 'கிராப்ஸ்' என்னும் பெட்டி. திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தார் அதனைச் செய்தனர். மூடிய அப்பெட்டியில் 8 தட்டைப்பயற்று விதைகள் இடப்பட்டன. நுண்துளைகள் நிறைந்த களிமண், மெதுவாகக் கரையும் உரம், வெயிலுக்குப் பதிலாக மின்விளக்குகள், ஒரு காமிரா ஆகியவை உடன் வைக்கப்பட்டன. பிராணவாயு, கரியமிலவாயு, ஈரம், வெப்பம் ஆகியவற்றை அளக்கும் கருவிகளும் இருந்தன. பெட்டி மேலே சென்றபின், பூமியிலிருந்து ஆணை அனுப்பி மண்ணில் நீர் விடப்பட்டது. ஒன்று தவறினாலும் சென்று திருத்த ஆளில்லை.

விதை முளைப்பதில் இத்தனை கவலை எதற்கு என்று கேட்கலாம். அங்கே பூமியின் ஈர்ப்பு இல்லாமற் போய்விடுவதில்லை. 350 கிலோமீட்டர் உயரத்திலும் பத்தில் ஒன்பது பங்கு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மேடையும் அதிலுள்ள யாவும், ஏறக்குறைய 90 நிமிஷத்திற்கு ஒருமுறை பூமியைச் சுற்றியவாறு, ஓயாமல் ஒன்றாக விழுந்துகொண்டே இருக்கின்றன. ஆதலால் அங்கு எப்பொருளுக்கும் எடை தோன்றுவதில்லை. நம் வயலில் விதையைத் தலைகீழாக ஊன்றினாலும் வேர் கீழே திரும்பும். வேர்நுனியிலுள்ள கனமான மாவுத் துகள்கள் அடியில் படிந்து, கீழ்த்திசை எது என்று காட்டுவதே அதற்குக் காரணம். எடையில்லாத இடத்தில் இத்துகள்கள் படிவதில்லை. பாய்ச்சிய நீரும் கீழே இறங்காது. வேரைப் போர்வைபோல் மூடிக்கொண்டு காற்றுப் புகாமல் திணறடிக்கக்கூடும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல நீரை இழுத்துப் பரப்பும் நுண்துளை மண் வேண்டியிருப்பது இதனாலேயே.

இவ்வளவு இடையூறுகளுக்கிடையிலும் விதைகள் நான்கு நாளில் முளைத்தன. ஜனவரி 6-ஆம் தேதி இலைகளும் விரிந்தன. இரண்டிலைப் பருவம் வரை காண்பதே பரிசோதனையின் நோக்கமாதலால் அது நிறைவேறியது. 2025 ஏப்ரல் 4-ஆம் தேதி அம்மேடை வளிமண்டலத்தில் புகுந்து அழிந்தது. வானில் குப்பையாகத் தங்கவில்லை. ஆனால் அதனோடு செடிகளும் போயின. நமக்குக் கிடைத்தவை படங்களும் அளவுகளுமே. அதே ஆண்டு ஜூன், ஜூலையில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் தங்கிய நமது வீரர் சுபான்ஷு சுக்லா வெந்தயத்தையும் பச்சைப்பயற்றையும் முளைக்கவைத்தார். நீர்விடவும், பார்க்கவும், முளையைப் பத்திரப்படுத்திப் பூமிக்குக் கொணரவும் அங்கே கைகள் இருந்தன. மேடைக்கும் நிலையத்திற்கும் உள்ள வேற்றுமை இதுவே. 2035-க்குள் நமக்கென ஒரு நிலையம் அமைக்கத் திட்டமிட்டிருப்பதன் நோக்கமும் இதனால் விளங்கும்.

இனி, பயன் என்ன என்ற கேள்விக்கு வருவோம். நெடுநாள் வானில் தங்குவோர்க்கு உணவு வேண்டும்; அவர்கள் வெளிவிடும் கரியமிலவாயுவை வாங்கிப் பிராணவாயு தரும் துணையும் வேண்டும். இரண்டையும் செய்யவல்லது செடி. அதற்கான முதற்படியே இது. இரண்டிலை விட்ட பயறு விளைச்சல் ஆகிவிடாது என்பதை நாம் மறத்தலாகாது. நாளை எவரேனும் 'விண்வெளி விதை' என்று விலைகூறி வந்தால், இப்பரிசோதனையைச் சான்றாகக் கொண்டு ஏமாறவேண்டாம். மேலே சென்ற எட்டு விதைகளில் ஒன்றும் திரும்பி வரவில்லை.

நம் நிலத்திற்கு இன்று கிடைப்பது விதையன்று, ஒரு பாடம். தனி ராக்கெட் விடும் வசதி எந்தக் கல்லூரிக்கும் இல்லை. ஒருவர் பயணத்தில் மிஞ்சிய இடத்தைப் பலர் பகிர்ந்துகொண்டமையால் 24 பேர் வேலை நடந்தது. எறியப்படவிருந்த பொருளும் பயன்பட்டது. நம் சங்கங்களிலும் ஆண்டில் சில நாளே இயங்கி மற்ற நாளெல்லாம் சும்மா கிடக்கும் தெளிப்பான்களும், பாதிச் சுமையோடு சந்தைக்குச் செல்லும் வண்டிகளும், பூட்டிய கிடங்குகளும் இல்லையா? அவற்றின் கணக்கை அடுத்த பொதுக்கூட்டத்தில் எடுத்துப் பார்ப்போமாக. வெற்று வண்டியில் எட்டுப் பயற்றை ஏற்றியவர்கள் காட்டிய வழி நமக்கும் உரியதே.