'ஓல்ட்' என்றால் பழையதா, வயதானதா?

உங்கள் பிள்ளை ஆங்கிலத்தில் முதன்முதலாகக் கற்கும் சொற்களில் ஒன்று 'ஓல்ட்'. சின்னச் சொல்தான். ஆனால் தமிழில் அதை ஒரே சொல்லால் சொல்லிவிட முடியாது. உம்மும்மாவைக் குறித்தால் 'வயதான', சேலையைக் குறித்தால் 'பழைய' என்போம். மாற்றிச் சொல்லிப் பாருங்கள், உம்மும்மா சும்மா விடமாட்டார்! பாடசாலையின் 'ஓல்ட் போய்ஸ்' எல்லோரும் கிழவர்களல்லர். போன வருடம் படித்து முடித்த பையனும் அவர்களில் ஒருவன்தான். பிறந்து மூன்று நாளான குழந்தையைக்கூட 'த்ரீ டேய்ஸ் ஓல்ட்' என்பார்கள். அது வெறும் வயதுக் கணக்கு.

இதே சொல் புத்தளம் கரையில் மனிதர்களுக்கே அடைமொழியானது. கற்பிட்டிக்கு வடக்கே, கடலுக்கும் களப்புக்கும் நடுவே கிடக்கிறது உச்சமுனை. மன்னாரிலிருந்து வள்ளத்தில் வருவோருக்குக் கற்பிட்டிக்கு முன்னரே தென்படும் நிலங்களில் அதுவும் ஒன்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவிலிருந்து பலர் கடல் வழியாகவே இந்தப் பக்கம் வந்தார்கள். யாழ்ப்பாணத்தாருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டே மணி நேரம். மொத்தம் சுமார் 75,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் தங்கியது புத்தளம் மாவட்டத்தில், கிடுகுக் கொட்டில்களில்.

பின்னர் வன்னிப் போரில் மேலும் பல இலட்சம் பேர் இடம்பெயர்ந்தார்கள். நிவாரண ஏடுகளில் 2008 ஏப்ரலுக்குப் பின் இடம்பெயர்ந்தவர்கள் 'நியூ', அதற்கு முந்தியவர்கள் 'ஓல்ட்' என்று பிரிக்கப்பட்டார்கள். கணக்குப் பிள்ளைக்கு வசதியான பிரிவுதான். ஆனால் புத்தளத்து முகாமில் பிறந்த பதினைந்து வயதுப் பெண் 'ஓல்ட்' ஆனாள். 2009இல் ஊரை விட்ட எண்பது வயதுப் பாட்டி 'நியூ' ஆனார்! போர் முடிந்தபின் உதவியில் முந்தியிடம் 'நியூ'வுக்கே கிடைத்தது. வன்னி மக்கள் பட்டதும் பெருந்துயரம்தான். அவர்களுக்குக் கிடைத்தது கூடுதல் என்று யார் சொல்வார்?

குறை, சொல் தமிழுக்கு வந்த விதத்தில் இருக்கிறது. 'பழைய அகதி' என்றதும், தீர்ந்துபோன விஷயம், எப்படியோ பழகிக்கொண்டவர்கள் என்ற எண்ணம் கேட்பவர் மனதில் விழுந்துவிடுகிறது. உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் பற்றி 1998இல் வெளியான ஐ.நா. வழிகாட்டிக் கோட்பாடுகளில், இத்தனை வருடம் கழிந்தால் ஒருவர் இடம்பெயர்ந்தவர் அல்லர் என்ற விதி எதுவும் கிடையாது. ஆங்கிலத்திலேயே இதற்குப் பொருத்தமான வேறொரு சொல்லும் உண்டு: 'புரொட்ராக்டட்'. நீடித்த, இன்னும் முடியாத என்று பொருள்.