கவலையால் புற்றுநோய் வருமா?

மார்பில் கட்டி என்று ஒரு பெண்ணுக்குத் தெரியவந்தால், பார்க்க வரும் உறவுக்காரர்களில் ஒருவராவது சொல்லிவிடுவார்: “எல்லாத்தையும் மனசுக்குள்ளயே போட்டு அமுக்கி வச்சா இப்படித்தான் கட்டியா வந்து நிக்கும்.” ஏலத்தோட்டத் தொழிலாளர்கள் வாழும் போடிநாயக்கனூர் பக்கமும் இந்தப் பேச்சு உண்டு. இரக்கத்தில் சொல்வதுதான். ஆனால் கேட்பவருக்கு அது குற்றச்சாட்டாகவே உறைக்கும். தன் நோயைத் தானே வரவழைத்துக்கொண்டதாக அவர் நம்பத் தொடங்கிவிடுவார். அறிவியல் அப்படிச் சொல்லவில்லை.

ஆய்வுகள் சொல்வது என்ன?

1998-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, 71 வயதும் அதற்கு மேலும் ஆன 4,825 பேரைக் கவனித்தது. பல ஆண்டுகள் மனச்சோர்வு நீடித்தவர்களுக்குப் புற்றுநோய் ஆபத்து 88 சதவீதம் கூடுதல் என்றது. ஆனால் அப்படி நீடித்த சோர்வு இருந்தவர்கள் அவர்களில் மிகச் சிலரே.

2023-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் தலைமையில் இதைவிடப் பெரிய ஆய்வு வந்தது. நெதர்லாந்து, பிரிட்டன், நார்வே, கனடா ஆகிய நாடுகளைச் சேர்ந்த 3 லட்சத்துக்கும் அதிகமானோரின் விவரங்களை, 26 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து அலசினார்கள். மார்பகம், புராஸ்டேட், பெருங்குடல் புற்றுநோய்களுக்கும் மனச்சோர்வு, பதற்றத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. நுரையீரல் புற்றிலும் புகைப்பழக்கம் சார்ந்த மற்றப் புற்றுகளிலும் மட்டும் 6 முதல் 60 சதவீதம் வரை கூடுதல் ஆபத்து தென்பட்டது. புகை, மது, உடல் எடை ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்ததும் அதுவும் பெருமளவு குறைந்துவிட்டது.

நீண்டகால மன அழுத்தம் கார்டிசால் போன்ற ஹார்மோன்களையும் நோய் எதிர்ப்பு ஆற்றலையும் பாதிப்பது உண்மைதான். ஆனால் அதுவே புற்றை உண்டாக்குகிறது என்று மனிதர்களிடம் நிரூபிக்கப்படவில்லை.

சோர்வு திறந்துவிடும் கதவுகள்

அப்படியென்றால் மனச்சோர்வைக் கண்டுகொள்ளாமல் விடலாமா? கூடாது. சோர்ந்த மனம் போதையைத் தேடுகிறது. ஐரோப்பாவில் அது சிகரெட் என்றால், போடிநாயக்கனூரை அடுத்த ஏலமலையில் வெற்றிலையோடு புகையிலை, பீடி, வேலை முடிந்து இறங்கியதும் சாராயக் கடை. மழையும் குளிரும் பசியும் தெரியாமலிருக்க வாயில் அடக்கும் புகையிலை, துக்க காலத்தில் இன்னும் கூடிவிடுகிறது. புகையிலை, மது, பாக்கு மூன்றையுமே உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியான புற்றுக் காரணிகளாக வகைப்படுத்தியிருக்கிறது.

அடுத்தது தாமதம். எதிலும் பிடிப்பில்லாதவர் ஆறாத வாய்ப்புண்ணையும் வலிக்காத கட்டியையும் பொருட்படுத்த மாட்டார். ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் கூலி போகும் என்ற கணக்கும் அதோடு சேரும்.

புற்றுநோய் வந்த பிறகு சோர்வின் பாதிப்பு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. மனச்சோர்வு நோய் உறுதிசெய்யப்பட்ட புற்றுநோயாளிகளிடையே இறப்பு விகிதம் 39 சதவீதம் வரை கூடுதலாக இருந்ததை, 2009-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது.

பக்கத்து மாவட்டத்துப் பாடம்

முன்பு சொன்ன தாமதத்தை வெல்ல முடியும் என்பதற்குப் போடிநாயக்கனூருக்குப் பக்கத்து மாவட்டமே சான்று. 2000-ஆம் ஆண்டு திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் ஒரு பெரிய கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயதுவரையுள்ள பெண்களைப் பரிசோதித்தார்கள். அசிட்டிக் அமிலக் கரைசலைத் தடவி, நிறம் மாறுகிறதா என்று கண்ணால் பார்ப்பதுதான் முறை. 2007-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: பரிசோதனை நடந்த ஊர்களில் இந்த நோய் 25 சதவீதமும் அதனால் ஏற்படும் இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன. ஊருக்கே வந்த எளிய சோதனை உயிர்களைக் காத்தது.

ஏலத்தோட்டப் பெண்களுக்கும் இது வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டுப் போடும் காலை நேரத்தில் அவர்கள் போடிமெட்டு தாண்டி, பூப்பாறைப் பக்கம் ஏலக்காய் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை ஏற்றிச் சென்ற ஜீப் திரும்பும் மாலையிலோ ஞாயிறன்றோ பரிசோதனை நடந்தால்தான் அவர்களால் வர முடியும்.

நாம் செய்ய வேண்டியது

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, வாழ்வில் வெறுப்பு இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம்; அது குணப்படுத்தக்கூடியது. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். அரசு மருத்துவமனையில் மனநலச் சிகிச்சை கிடைக்கும். ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு இருந்தால் காத்திருக்க வேண்டாம்; உடனே மருத்துவரைப் பாருங்கள்.

நோயுற்றவரிடம் “கவலைப்பட்டதால்தான் வந்தது” என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். “நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வர்றேன்” என்று சொல்லுங்கள். அவருக்கு வேண்டியது அந்தத் துணைதான்.