கூட்ட அறைக்கும் தனி மின்னஞ்சல் முகவரி: இரட்டை முன்பதிவைத் தடுப்பது எப்படி?

ஒரே நேரத்தில் இரு குழுவினர் ஒரே கூட்ட அறையின் வாசலில் வந்து நிற்பது பல அலுவலகங்களில் பழகிப்போன காட்சி. ஒருவர் வரவேற்பறைப் பதிவேட்டில் எழுதியிருப்பார். மற்றொருவர் வாட்ஸ்ஆப் குழுவில் கேட்டிருப்பார். அறையையே நாள்காட்டி மென்பொருளில் பதிவு செய்துவிட்டால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும்.

மைக்ரோசாஃப்ட் 365 சேவையில், நிர்வாகி ஒவ்வோர் அறைக்கும் தனி அஞ்சல் பெட்டி உருவாக்க வேண்டும். சாதாரண முன்பதிவுக்கு இதற்கெனத் தனி உரிமம் வாங்க வேண்டியதில்லை. கூட்ட அழைப்பில் அறையையும் சேர்த்து அனுப்பினால், காலியாக இருக்கும்பட்சத்தில் அறையே தானாக ஏற்றுக்கொள்ளும், இல்லையெனில் மறுத்துவிடும். கூகுள் சேவையில் கட்டடம், தளம், இருக்கைகளின் எண்ணிக்கை, திரை போன்ற வசதிகளை நிர்வாகப் பக்கத்தில் பதிய வேண்டும். இருக்கை எண்ணிக்கையைச் சரியாகக் குறிப்பிடுவது முக்கியம். இல்லையெனில் மூவர் பேச இருபது பேர் அமரும் அறை போய்விடும்.

பெரும்பாலான புகார்களுக்குக் காரணம் இயல்புநிலை விதிகளே. மைக்ரோசாஃப்ட் அறைகளை 180 நாள்களுக்குள் மட்டுமே முன்பதிவு செய்யலாம். ஒரு கூட்டம் 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வாராந்திரக் கூட்டத் தொடரில் ஒரே ஒரு நாள் மோதினாலும் தொடர் முழுவதும் நிராகரிக்கப்படும். காரணம் புரியாத ஊழியர் மென்பொருளைக் குறை கூறுவார். அனுமதிக்கும் மோதல் அளவை நிர்வாகி சற்றே தளர்த்தினால், மோதும் நாள் மட்டும் மறுக்கப்பட்டு மற்றவை பதிவாகும்.

கூட்டத்தின் தலைப்பை நீக்கிவிட்டு, ஏற்பாட்டாளரின் பெயரை மட்டும் அறையின் நாள்காட்டியில் காட்டுவதும் இயல்புநிலை விதிதான். கதவருகே உள்ள திரையில் தலைப்பு தெரிய வேண்டும் என்பதற்காகச் சிலர் இதை மாற்றுகின்றனர். பணிநீக்கம் குறித்த ஆலோசனையின் தலைப்பும் அதே திரையில் தோன்றும் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

இயக்குநர் குழு அறை போன்ற ஓரிரு அறைகளுக்கு மட்டும் ஒப்புதல் அளிப்பவரை நியமித்தால் போதும். எல்லா அறைகளுக்கும் அவ்வாறு செய்தால் பழைய பதிவேட்டுக் காலமே திரும்பும்.

ஆளில்லாக் கூட்டங்கள் மற்றொரு தலைவலி. ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் அழைப்பை மறுத்துவிட்டால் அறையை விடுவிக்கும் வசதி கூகுளில் உண்டு. மைக்ரோசாஃப்ட் சேவையில், பணியிலிருந்து விலகியவர் ஏற்பாடு செய்த தொடர் கூட்டங்கள் அறையைப் பிடித்துவைத்திருக்கும். அவரது அஞ்சல் பெட்டியை நீக்கும் முன்பே நிர்வாகி அவற்றை ரத்து செய்துவிட வேண்டும்.